ஊட்டிவிடும் கை

உலகத்திலேயே உனக்கு அருவருப்பானது எது என்று நாராயணம்மாவைக் கேட்டிருந்தால், யோசிக்காமல் சொல்லியிருப்பாள்: புருஷன் நல்லுசாமியின் வலது கை. பீடி நாற்றம் ஊறிப்போன அந்தக் கைதான் இரண்டு வருஷமாக அவளுக்குச் சோறு ஊட்டியது.

முடக்குவாதத்தில் அவள் விரல்களெல்லாம் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்துபோயின. ஓசூர் சிப்காட்டில் ஒயருக்குக் கிளிப் மாட்டும் வேலை போயிற்று. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். வேளாவேளைக்கு வாயைப் பிளந்து காட்டுவதைத்தான் சகிக்க முடியவில்லை. அதற்காகவே 2006இல் பெங்களூர் போய், வலது கையின் நான்கு விரல்களின் அடிமூட்டையும் எடுத்துவிட்டு சிலிகான் மூட்டு வைத்துக்கொண்டாள். "வலி குறையும், விரல் நேராகும். பழைய பலம் வராது" என்று டாக்டர் முன்பே சொல்லிவிட்டார். பலம் யாருக்கு வேண்டும்? தன் கையால் நாலு வாய் தின்றால் போதாதா?

விரல் நேரானது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று தொட்டன. ஆனால் நல்லுசாமி கிண்டும் ராகிக் களி இருக்கிறதே, சுவரில் எறிந்தால் சுவர்தான் உடையும்! அதைக் கிள்ள அவள் விரலுக்குத் தெம்பில்லை.

"கொஞ்சம் எளக்கமா கிண்டக் கூடாதா?"

"எளக்கமா கிண்டுனா அது களியா? கூழு. நாந்தான் ஊட்டறேன்ல, அப்புறம் என்ன?"

கல்லாவியிலிருந்து அவன் அக்கா பவளம் வந்தாள். சந்தையில் மாட்டுப் பல்லைக் காட்டுகிற மாதிரி, நல்லுசாமி அவளிடம் நாராயணம்மாவின் கையைத் திருப்பித் திருப்பிக் காட்டினான். பிறகு களித்தட்டோடு உட்கார்ந்தான்.

"இன்னும் நாந்தான்க்கா ஊட்டறேன்."

"தங்கமான மனுசன்டா நீ. அவ குடுத்து வெச்சவ" என்று பவளம் உருகினாள்.

த்தூ! களி உருண்டையோடு மஞ்சள் கறை படிந்த நகம் நாராயணம்மாவின் உதட்டருகே நின்றது.

"ஆ காட்டு."

முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தட்டை மடிக்கு இழுத்தாள். கீரைக்குழம்புக் கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கி, அப்படியே களிமேல் கவிழ்த்து ஊறவிட்டாள்.

"என்னடி பண்ற? களியப் பாழாக்கிட்டியே!"

"பாழாவே போவட்டும். உன் கை நாறுது. ரெண்டு வருசமா நாறுது."

பவளம் வாயைப் பொத்திக்கொண்டாள். களி இளகியதும் நாராயணம்மா விரலை விட்டுக் கிள்ளினாள். பாதி நழுவி விழுந்தது. குழம்பு முழங்கைவரை வழிந்து புடவையும் நாசமாயிற்று. மீதியை வாயில் போட்டு விழுங்கினாள்.

நல்லுசாமி இன்னமும் அந்த உருண்டையை நீட்டிக்கொண்டே இருந்தான்.

"அத நீயே தின்னு" என்றாள். அவள் வாயில் களி களியாகவே மணத்தது.