வாசலுக்குக் குறுக்கே ஒரு கம்பு

பெரியம்மாவைப் பார்த்து நான் பட்ட பொறாமையை அதற்குப் பிறகு யாரைப் பார்த்தும் பட்டதில்லை.

எனக்கு அப்போது ஏழு வயது. அம்மாவின் கழுத்தில் வந்த புற்றுநோய்க் கட்டியைக் கொழும்பில் வெட்டி எடுத்தார்கள். மிச்சம் மீதி இருந்தால் அதையும் அழிக்கவென்று கதிரியக்க மாத்திரை கொடுத்து, சில நாள் தனி அறையில் வைத்திருந்துவிட்டு அனுப்பினார்கள். பனிச்சங்கேணி வீட்டு வாசலில் அம்மா வந்து இறங்கியதும் நான் ஓடினேன். பாதி வழியில் அப்பா என்னைத் தூக்கிக்கொண்டார். பிறகு, தோணி தள்ளும் கம்பை எடுத்துவந்து அம்மாவின் அறை வாசலுக்குக் குறுக்கே போட்டார்.

"இதத் தாண்டப்படாது புள்ள. எக்ஸ்ரே எண்டா படம் எடுத்ததோட சரி. இது குளிசையா உள்ளுக்குப் போயிருக்கு. கொஞ்ச நாளைக்கு அம்மாட உடம்பால கதிர் வரும். வளருற புள்ளைகளுக்குத்தான் அது கூடாதாம்."

"பெரியம்மா மட்டும் போறா?"

"அவ வயசான ஆள். கொஞ்ச நேரம் போய் வந்தா பயமில்லையாம்."

வயசாகாதது என் குற்றமா?

அம்மாவின் அக்காவான பெரியம்மா கரடியனாற்றிலிருந்து உதவிக்கு வந்திருந்தார். போன் டவரால்தான் தங்கைக்குப் புற்றுநோய் வந்ததென்று நம்பி, தன் போனை அரிசிப் பானைக்குள் வைத்து மூடுகிறவர். அந்தக் கதிருக்கு அவ்வளவு பலமில்லை என்று அப்பா எத்தனை சொல்லியும் கேட்கமாட்டார். உண்மையிலேயே கதிர் வீசிய அம்மாவிடமோ, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சோற்றுக் கோப்பையோடு கம்பைத் தாண்டிப் போவார். உள்ளே இருவரும் சிரிப்பார்கள். எனக்கு வயிறு எரியும். என் தலையையும் அவர்தான் பின்னிவிட்டார். அவர் திரும்பியதும் நான் அதைக் குலைத்துவிடுவேன்.

அம்மா என்னோடு பேசியது அப்பாவின் போனில். ஒரே வீட்டில், ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் இருந்துகொண்டு, வீடியோவில்.

ஒரு பகல் பெரியம்மா கிணற்றடிக்குப் போன நேரம் பார்த்து நான் கம்பைத் தாண்டிவிட்டேன். அம்மா துள்ளி எழும்பினார். "கிட்ட வராத! போ வெளிய!" என்று கத்திக்கொண்டு மூலையில் சுவரோடு ஒட்டி நின்றார். என்னைக் கண்டு அம்மா பயந்ததை அன்றுதான் பார்த்தேன். சத்தம் கேட்டு ஓடிவந்த பெரியம்மா என்னை வெளியே அனுப்பிவிட்டு, அழுத அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். நான் நிற்க வேண்டிய இடத்தில் அவர் நின்றார்.

அப்பா கம்பை எடுத்த காலையில் அம்மா வாசலருகே வந்து உட்கார்ந்து இரண்டு கைகளையும் நீட்டினார்.

"இனி வரலாம். வாகா மகள்."

நான் போகவில்லை. சுவரில் சாத்தியிருந்த கம்பை இழுத்துவந்து பழைய இடத்திலேயே போட்டுவிட்டு இந்தப் பக்கம் உட்கார்ந்தேன்.

"நீங்க இதத் தாண்டப்படாது. கொஞ்ச நாளைக்கு."

பெரியம்மா விழுந்து விழுந்து சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. ஒரு எட்டு வைத்தால் போதும், தாண்டியிருக்கலாம். நீட்டிய கைகளை மடியில் வைத்துக்கொண்டு, நானாக எழும்பிப் போகும்வரை அந்தப் பக்கமே இருந்தார். தள்ளி வைத்தால் எப்படி இருக்கும் என்று அம்மாவுக்கு நன்றாகக் காட்டிவிட்டேன் என்றுதான் அன்று நினைத்தேன். அவ்வளவு நாளும் அம்மாவும் உள்ளே இருந்து அதே கம்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது எனக்கு விளங்கவில்லை.