போல்ட்டுக்கு அடியில் பச்சை

சவரிமுத்து தேஹு ரோடு ராணுவ டெப்போவில் வண்டிகளுக்கு வயரிங் பார்த்தவர். ஓய்வு பெற்ற கையோடு பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. வாய்க்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. குக்கர் விசில் முதல் பக்கத்து வீட்டு ஸ்கூட்டர் வரை எல்லாவற்றிலும் மூக்கை நுழைப்பார். படுக்கப் போகும்போது மட்டும், "ஒத்த காசுக்குப் பெறாதவனாப் போயிட்டேன்ட்டி" என்பார். அதைக் கேட்டால் மனைவி ஜான்சிக்குத் தூக்கம் வராது.

ஹைவே ஓரம் பாணேரில் இட்லி, தோசை விற்க ஜான்சி ஒரு பழைய டிரெய்லர் வாங்கினாள். அதற்கு அவரே இடது கையால் பச்சை பெயிண்ட் அடித்தார். ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றி, அடித்து, மறுபடி மாட்டினார். முடித்த அன்று ராத்திரி அந்த 'ஒத்த காசு' பேச்சு எழவில்லை. ஜான்சி மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றினாள்.

இன்று சாயங்காலம்தான் முதல் வியாபாரம். மதியம் ஜான்சி ஓட்டும் பழைய ஜீப்பில் டிரெய்லரைக் கோத்துப் பார்த்தால், பின் விளக்குகள் கூத்தடித்தன. இண்டிகேட்டர் போட்டால் மற்ற விளக்கெல்லாம் சேர்ந்து மினுக்கின. பிரேக்கை மிதித்தால் எல்லாமே மங்கின. இருட்டிய பிறகு ஹைவேயில் இப்படித் திரும்பி வர முடியுமா?

சவரிமுத்து நாற்காலியில் உட்கார்ந்து உத்தரவு போட்டார். ஜான்சி பல்ப் மாற்றினாள், பிளக்கைச் சுரண்டினாள். டெஸ்ட் லாம்பை வைத்துப் பார்த்ததில் ஜீப் பக்கம் கரண்ட் ஒழுங்காக வந்தது.

"பேட்டரி நெகட்டிவ்ல இருந்து ஒரு வயரை நேரா டிரெய்லர் லைட்டோட ஸ்குரூல வை."

வைத்ததும் விளக்குகள் பளிச்சென்று எரிந்தன.

"எர்த் சரியில்லட்டி, கரண்ட் திரும்பிப் போற வழி அடைச்சிருக்கு. முன்னால இருக்குற எர்த் போல்ட்டைக் கழத்து."

கழற்றினாள். வயரின் வளையத்துக்கு அடியில் இரும்பே தெரியவில்லை. கெட்டியாகப் பச்சை பெயிண்ட். அதன் மேலேயே முடுக்கியிருக்கிறார் மனுஷன். பெயிண்டைத் தாண்டிக் கரண்ட் எப்படிப் போகும்?

"என்ன இருக்கு?"

"துருங்க. ஒரே துரு." முகத்தைத் திருப்பிக்கொண்டு உப்புத்தாளால் தேய்த்தாள். ஐயோ, இதைப் பார்த்துவிடக் கூடாதே என்று மனசு அடித்துக்கொண்டது.

திரும்பினால், கம்பை ஊன்றிப் பக்கத்திலேயே நிற்கிறார். அவள் விரல்களைப் பார்த்தார்.

"துரு பச்சையாவா இருக்கும்?"

ஜான்சி விரல்களை முந்தானையில் துடைத்தாள்.

"டெப்போல எவனாவது இப்படிச் செஞ்சிருந்தா நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்டிருப்பேன்," என்றார். அடுத்து அந்தப் பேச்சுதான் வரப்போகிறது என்று ஜான்சி பயந்தாள். அவரோ குனிந்து பார்த்தார். "இன்னும் நல்லாத் தேய். இரும்பு தெரியணும். முடுக்கிட்டு அப்புறமா மேல பெயிண்ட் வைக்கணும், இல்லாட்டி மழைக்குத் துரு ஏறிரும். டப்பா எங்க?"

முடுக்கிவிட்டு டப்பாவைத் திறந்து கொடுத்தாள். இடது கையில் பிரஷ் கோணிக்கொண்டு போனது. அவள் கை கொடுக்கவில்லை. அவரே பூசினார்.

பிரேக், இண்டிகேட்டர், எல்லாம் எரிந்தன. "சலோ, கிளம்பு!" என்று முன் சீட்டுப் பக்கம் போனார்.

"நீங்க எங்கங்க?"

"வழியில லைட் போச்சுன்னா யாரு பாப்பா?"

ஜான்சி டப்பாவை மூடி வைத்தாள். "உங்கள விட்டா யாரு இருக்கா?" என்று கதவைத் திறந்துவிட்டாள்.