பாப்பா திரும்பினால் தம்பியும் திரும்புவான்

எங்கள் வீட்டு இரட்டைப் பிள்ளைகளுக்குப் பிறந்ததிலிருந்தே பாப்பா, தம்பி என்றுதான் பெயர். சான்றிதழுக்கென்று வைத்த நல்ல பெயர்கள் தனியாக இருக்கின்றன. அவற்றைச் சொல்லிக் கூப்பிட்டால் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைக் கூப்பிடுவது மாதிரி இருக்கும். பாப்பா முதலில் பிறந்தாள், தம்பி அவள் பின்னாலேயே வந்துவிட்டான். அவர்கள் வளர்ந்ததை நானும் என் கணவரும் ஆளுக்கொரு விதமாகக் குறித்து வைத்தோம். அவர் போனில் வீடியோ எடுத்து ஊரிலிருக்கும் சொந்தக்காரர்களின் குரூப்பில் போடுவார். நான் சமையலறைச் சுவரில் தொங்கிய மாதக் காலண்டரில் பேனாவால் கிறுக்குவேன். திருநெல்வேலியில் ஜவுளிக்கடைக்காரர் கொடுத்த காலண்டர், டெல்லி மயூர் விஹார் வரைக்கும் சுருட்டிக் கொண்டுவந்தது. குப்புற விழுந்தது, உட்கார்ந்தது, தவழ்ந்தது எல்லாம் ராகு காலத்துக்குப் பக்கத்தில் இடம் பிடித்துக்கொண்டது.

முதல் ஒரு வருஷம் எல்லாவற்றிலும் தம்பிதான் முந்தினான். முதலில் குப்புற விழுந்தவன் அவன், சோபாவைப் பிடித்து எழுந்து நின்றவனும் அவன். பல்லும் அவனுக்குத்தான் முதலில் வந்தது. எங்கள் பக்கத்தில் முதல் பல் தெரிந்ததும் அரிசி மாவில் சின்னச் சின்னக் கொழுக்கட்டை அவித்து, பிள்ளையை உட்கார வைத்துத் தலைமேல் கொட்டுவார்கள். ஒருத்தனுக்கு மட்டும் கொட்டினால் இன்னொருத்தி ஏங்கிப்போவாளே என்று நான் தள்ளிப்போட்டேன். பாப்பாவுக்குப் பல் எட்டிப் பார்ப்பதற்குள் தம்பிக்கு வாய் நிறையப் பல் வந்துவிட்டது. கடைசியில் இருவருக்கும் சேர்த்துக் கொட்டியபோது, அவன் தலையிலிருந்து உருண்டதை எல்லாம் பொறுக்கித் தின்றான். எதிர்வீட்டுப் பஞ்சாபி ஆண்ட்டி வாசலில் நின்று பார்த்துவிட்டு, சாப்பாட்டை ஏன் பிள்ளைகள் தலையில் போடுகிறாய் என்று கேட்டார். என் ஹிந்தியில் அதை விளக்க முடியவில்லை. அவர் கையிலும் கொஞ்சம் கொழுக்கட்டையைக் கொடுத்து அனுப்பினேன்.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. ஒரு பிள்ளை எதையாவது செய்தால், மற்றதும் செய்யட்டும் என்று காத்திருப்போம். அதற்கப்புறம்தான் காலண்டரில் எழுதுவேன், அதற்கப்புறம்தான் குரூப்புக்கு வீடியோ போகும். இரட்டைப் பிள்ளை பெற்றவர்களுக்கு இது புரியும். யார் கெட்டிக்காரர் என்று வருகிறவர் போகிறவர் எல்லாம் கேட்கும்போது நமக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அதனால்தான் பாப்பா ஒரு நாள் என் முகத்தைப் பார்த்து “அம்மா” என்று சொன்னபோது, அதை நான் எங்கேயும் எழுதவில்லை. அவர் வீடியோ எடுத்தார், ஆனால் அனுப்பவில்லை. தம்பியும் சொல்லட்டும், சேர்த்து அனுப்பலாம் என்றார். எனக்கும் அதுதான் ஆசை. இரண்டு பேரும் என்னை அம்மா என்று கூப்பிட வேண்டும், ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கூப்பிட வேண்டும், நான் சலித்துக்கொள்ள வேண்டும். வேறு பெரிய ஆசை எதுவும் எனக்கு அப்போது இருக்கவில்லை.

பாப்பா தண்ணி என்றாள், தா என்றாள், பால்கனிக்கு வரும் புறாவைக் காட்டிப் பொறா என்றாள். தம்பி சிரித்தான். தவழ்கிற நாளில் கொஞ்சம் கொஞ்சம் பிதற்றிக்கொண்டிருந்தவன், அதையும் விட்டுவிட்டான். வேண்டியது எதுவானாலும் பாப்பாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருவான். அவள் கேட்பாள், அவன் வாங்கிக்கொள்வான். அக்காவை வேலை வாங்குகிறான் என்று நாங்கள் சிரித்தோம்.

தீபாவளி வந்தது. வெடிக்கத் தடை என்றார்கள், ஆனால் பின்பக்க பிளாக்கில் சரம் சரமாக வெடித்தார்கள். பாப்பா வீல் என்று அலறி என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். தம்பி தரையில் உட்கார்ந்து டப்பா மூடியைச் சுற்றிவிட்டு விளையாடிக்கொண்டிருந்தான். தம்பிக்கு வெடியைக் கண்டு பயமே இல்லை என்று காலண்டரில் எழுதினேன். இதில் பாப்பாவுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை என்று வீடியோவும் போயிற்று. பட்டாளத்துக்குத்தான் போவான் என்று ஊரிலிருந்து என் அண்ணன் பதில் போட்டான். நான் அதைப் படித்துப் பெருமைப்பட்டேன்.

ஒன்றரை வயது தாண்டியும் தம்பி பேசவில்லை என்றதும் புத்தி சொல்ல ஊரே திரண்டு வந்தது. ஆண் பிள்ளை தாமதமாகத்தான் பேசும் என்றார் எதிர்வீட்டு ஆண்ட்டி. இரட்டையில் ஒன்று எப்போதும் மந்தம் என்றாள் கீழ்வீட்டுக்காரி. அவளோடு அதற்கப்புறம் நான் பேசவே இல்லை. பிள்ளைகளை விட்ட ப்ளே ஸ்கூல் மேடம்தான் உறுதியாகச் சொன்னார். வீட்டில் தமிழ், வெளியில் ஹிந்தி, இங்கே இங்கிலீஷ், மூன்று பாஷையில் குழந்தை குழம்பிப்போயிருக்கிறது, ஒன்றை மட்டும் பேசுங்கள், டெல்லியில் இருக்கப்போகிற பிள்ளைக்கு ஹிந்திதானே வேண்டும் என்றார். பிள்ளைகளுக்குப் பார்க்கும் டாக்டரும் அதற்குத் தலையாட்டினார். காதைப் பரிசோதிக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருக்காதுதான். பாப்பா, தம்பி என்று ஒரே மூச்சில் கூப்பிட்டால் இரண்டு தலையும் சேர்ந்து திரும்பும். அதை அந்த டாக்டரே தன் அறையில் பார்த்தார்.

என் கணவர் டெல்லியில் பிறந்தவர். மந்திர் மார்க்கில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்தான் என்றாலும், கோபம் வந்தால் ஹிந்தியில்தான் கத்துவார். அவருக்கு இது பெரிய விஷயமாகப் படவில்லை.

“கொஞ்ச நாள் ஹிந்தி மட்டும் பேசுவோம். அவன் பேச ஆரம்பிச்சிட்டான்னா தமிழ் தானா வந்துரும்லா” என்றார்.

நான் கல்யாணமாகி இங்கே வந்தவள். என் ஹிந்தி காய்கறிக்காரரிடம் பேரம் பேசவும் ஆட்டோக்காரரிடம் சண்டை போடவும் போதும். அதை வைத்துப் பிள்ளை வளர்க்க வேண்டும் என்றால் என்ன செய்வது? ராசா, கண்ணு, என் செல்லம் என்று நாளெல்லாம் கொஞ்சின வாய், பேட்டா என்பதோடு தீர்ந்துபோயிற்று. திட்டுவதற்குக்கூட எனக்கு ஹிந்தியில் சரக்கு இல்லை. சொல்ல வந்ததை விழுங்கி விழுங்கி, வீட்டில் நான் பேசுவதே குறைந்துவிட்டது. பாப்பா தண்ணி என்று வந்து நிற்பாள். பானி சொல்லு என்று அவர் திருத்துவார். பானி என்று அவள் சொன்னபிறகுதான் டம்ளர் அவள் கைக்குப் போகும். பிள்ளை சீக்கிரம் கற்றுக்கொண்டாள். என்னையும் மம்மி என்று கூப்பிட ஆரம்பித்தாள்.

அந்த மே மாதம் ஒரு சாயங்காலம் புழுதிக்காற்று அடித்தது. வந்த வேகத்தில் வானம் கறுத்து, கரண்டும் போயிற்று. பிள்ளைகள் உள் அறையில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. நான் பால்கனியில் துணியை அள்ளிக்கொண்டிருந்தேன். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் அழ ஆரம்பித்ததும், இந்தா வந்துட்டேன், அம்மா இங்கதான் இருக்கேன் என்று தமிழில் சத்தம் கொடுத்துக்கொண்டே ஓடினேன். ஹிந்தியில் யோசிக்க அப்போது நேரம் இல்லை. என் குரல் கேட்டதும் பாப்பா அழுகையை நிறுத்திவிட்டு, இருட்டில் தடவி வந்து என் முழங்காலைக் கட்டிக்கொண்டாள். தம்பி நிறுத்தவில்லை. அழுகைச் சத்தத்தை வைத்து அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, கை எட்டும் தூரத்திலிருந்து தம்பி, தம்பி என்று கூப்பிட்டேன். அவன் என் பக்கம் திரும்பாமல் கதறினான். நான் தொட்டபிறகு தூக்கிவாரிப்போட்டுத் திரும்பி என்மேல் ஏறிக்கொண்டான்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இத்தனை நாளும் அவன் எங்கள் குரலுக்குத் திரும்பவில்லை. பாப்பா திரும்புவதைப் பார்த்துத் திரும்பியிருக்கிறான். இருட்டில் அவள் முகம் தெரியாமல் போனதும் அவனுக்கு யாருமே இல்லாமல் போய்விட்டது. இரண்டு பேரையும் மடியில் வைத்துக்கொண்டு நான் அழுத அழுகையில் பாப்பா பயந்துபோனாள்.

அவர் ஆபீசிலிருந்து வந்ததும் சொன்னேன். நம்பவில்லை. பாப்பாவை எதிர்வீட்டில் விட்டுவிட்டு வந்து, தம்பியின் முதுகுக்குப் பின்னால் நின்று எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் தட்டச் சொன்னேன். தட்டினார். தம்பி பொம்மைக் காரை உருட்டிக்கொண்டிருந்தான். மறுபடியும் ஓங்கித் தட்டினார். பிறகு தட்டைக் கீழே வைத்துவிட்டு அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டார்.

பெரிய ஆஸ்பத்திரியில் தம்பியைத் தூங்க வைத்துத் தலையில் ஒயர் ஒட்டிப் பார்த்தார்கள். இரண்டு காதும் கேட்கவில்லை, பிறவியிலேயே என்றார்கள். பிறந்த உடனே இந்தச் சோதனையைச் செய்திருக்க வேண்டும், ஏன் செய்யவில்லை என்று எங்களைக் கேட்டார்கள். எங்களுக்கு எப்படித் தெரியும்? பிறந்த இடத்தில் யாரும் சொல்லவில்லை. வீட்டில் என்ன பாஷை பேசுவீர்கள் என்று அங்கிருந்த டாக்டரம்மாவும் கேட்டார். பாப்பாவுக்குத் தமிழை நிறுத்தினோமே, தம்பிக்காக நிறுத்தினோமே, அவன் தமிழும் கேட்கவில்லை ஹிந்தியும் கேட்கவில்லையே என்று எனக்குள் ஓடியது. வாயைத் திறந்தால் கத்திவிடுவேன். அவர்தான் பதில் சொன்னார்.

திரும்பும்போது மெட்ரோவில் கூட்டம். தம்பி அவர் தோளில் தூங்கிக்கொண்டிருந்தான்.

“நாம தமிழே பேசிருக்கலாம்” என்றார், என்னைப் பார்க்காமல்.

அவர் கண் கலங்கியிருந்தது. சண்டை போட எனக்கு மனசு வரவில்லை.

பிறகு தம்பிக்கு ஒரு பக்கம் ஆபரேஷன் செய்து உள்ளே கருவி வைத்தார்கள். காதுக்குப் பின்னால் மாட்டும் வெளிக்கருவியை முதல் தடவை முடுக்கிவிட்டபோது அவன் சிரிக்கவில்லை. இப்படிக் கருவி மாட்டின பிள்ளைகள் வீடியோக்களில் சிரிப்பதைப் பார்த்துவிட்டு நாங்கள் போனை நீட்டிக்கொண்டு நின்றோம். அவன் பயந்து அழுது அதைப் பிடுங்கி எறிந்தான். அவன் கேட்ட முதல் சத்தம் அவன் அழுகையாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

கருவி வைத்தால் பேச்சு தானாக வந்துவிடாது. வாரந்தோறும் பயிற்சிக்குப் போக வேண்டும், அங்கே சொல்லிக்கொடுப்பதை வீட்டில் நாள் முழுக்கத் திருப்பிச் சொல்ல வேண்டும். பயிற்சி கொடுக்கும் பெண் தங்கமானவள். ஆனால் அவளுக்குத் தமிழ் தெரியாது. தமிழில் கற்றுக்கொடுக்க ஆள் இருக்கிறார்களா என்று கேட்டேன். சென்னைக்குத்தான் போக வேண்டும் என்றாள். இவர் வேலையை விட்டுவிட்டுப் போக முடியுமா? ஏற்கெனவே தாமதம், ஒரே பாஷையாக இருக்கட்டும், இந்த வருஷங்கள் போனால் திரும்ப வராது என்று அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். அன்றைக்கு மூன்று பாஷை என்று குழப்பினவர்களிடம் எனக்குக் கோபம் இருந்தது. இவளிடம் கோபப்பட முடியவில்லை, இவள் சொன்னது சரிதான். வீட்டில் பாப்பாவிடமும் ஹிந்திதான் என்று ஆயிற்று, நான் ராத்திரி பகலாக ஹிந்தி படித்தேன். ஏ தேகோ, கேந்த். ஏ தேகோ, பில்லி. பந்தையும் பூனையையும் காட்டிக் காட்டி எனக்குத் தொண்டை கட்டிப்போகும்.

மூன்று வயது முடிந்து கொஞ்ச நாள் கழித்து, தம்பி என் புடவையை இழுத்து “மம்மி” என்றான். அவர் மறுபடியும் சொல்லச் சொல்லி வீடியோ எடுத்து உடனே அனுப்பினார். குரூப் முழுக்கப் பூவும் கும்பிடுமாக வந்து விழுந்தது. நான் காலண்டரில் எழுதினேன். சந்தோஷம்தான், பொய் சொல்லவில்லை. அதற்காகத்தானே இத்தனையும். ஆனாலும் அடுப்பங்கரையில் போய் நின்று அழுதேன். அம்மா என்று அவன் சொல்லவே மாட்டானா என்று மனசு கேட்டபோது, கடவுளே, இது கிடைத்ததே போதாதா என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

குளிக்க வைக்கும்போது தம்பியின் கருவியைக் கழற்றிவிட வேண்டும், தண்ணீர் படக்கூடாது. அது கழன்றால் அவனுக்கு ஒன்றுமே கேட்காது. அவனிடம் நான் தமிழ் பேசுவது அப்போதுதான். அவன் எந்தப் பாஷையிலும் குழம்ப வழியில்லாத நேரம் அது ஒன்றுதான். தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, ஏல ராசா, என்னல முறைக்க, தண்ணி சுடுதா, நேத்து ஏன் சோத்தைத் தட்டிவிட்ட, மாமா ஊர்லருந்து முறுக்கு அனுப்பியிருக்கான் பாத்தியா என்று என் போக்கில் பேசிக்கொண்டிருப்பேன். அவன் என் வாயைப் பார்த்துச் சிரிப்பான். ஒரு நாளில் எனக்கு நிம்மதியான நேரம் அது.

போன வாரம் அப்படிப் பேசிக்கொண்டிருந்தபோது, பாப்பா குளியலறைக் கதவோரம் தரையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். எத்தனை நாளாக அங்கே வந்து உட்காருகிறாளோ தெரியாது. அவள் இருப்பதே எனக்கு நினைவில் இல்லை. காது நன்றாகக் கேட்கிற பிள்ளை.

“மம்மி, முஜே பீ சுனாவோ” என்றாள். எனக்கும் சொல்லேன் என்கிறாள்.

தம்பியைத் துவட்டிவிட்டு அவளை மடியில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டேன். என் ராசாத்தி, என்னட்டி வேணும் உனக்கு என்று கேட்டேன். அவளுக்குப் புரியவில்லை. என் முகத்தையே பார்த்தாள், சிரித்தாள், மறுபடியும் சொல்லச் சொன்னாள். சொன்னேன். ஒவ்வொரு சொல்லுக்கும் அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டாள். நான் பெற்ற பிள்ளைக்கு நான் பேசியதை ஹிந்தியில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.