உதட்டில் இட்ட சிலுவை

பூசையில் நற்செய்தி வாசிக்கும் முன் எல்லோரும் கட்டைவிரலால் நெற்றியிலும் உதட்டிலும் நெஞ்சிலும் சிறு சிலுவை இடுவார்கள். சவரியப்பன் உதட்டுச் சிலுவையைக் கோயிலுக்கு வெளியிலும் இடுவார். ரேஷன் கடை வரிசையில் யாராவது முன்னால் புகுந்தால், பக்கத்து வீட்டுக்காரர் குப்பையை இந்தப் பக்கம் தள்ளிவிட்டால், விரல் தானாக உதட்டுக்குப் போகும். பிறகு பேச மாட்டார். நினைவு தெரிந்த நாளாய் மகள் பிலோமினா இதைப் பார்த்து வந்தாள்.

ஓசூர்த் தொழிற்சாலை ஒன்றில் அவருக்கு லேத் வேலை. அவரும் ஜவளகிரிக்காரன் சென்றாயனும் ஒரே மிஷினில் ஷிப்டு மாற்றி நின்றார்கள். கடைந்து அளவு பார்த்த பிறகுதான் ஷாஃப்டில் மிஷினின் நம்பர் அச்சைத் தட்ட வேண்டும். எண்பத்தாறில் ஒரு மாதக் கடைசி அவசரத்தில், அளவு பார்க்காத சரக்குக்கும் சூப்பர்வைசரே அச்சைத் தட்டி லாரியில் ஏற்றினார். சவரியப்பன் கண்ணால் பார்த்தார். சரக்கு திரும்பி வந்தது. அதில் இருந்தது அவர்கள் மிஷினின் நம்பர்; பழி இருவர் மேலும் விழுந்தது.

விசாரணையில் சவரியப்பன் உதட்டில் சிலுவை இட்டுக்கொண்டு நின்றார். விசாரித்த பிலாத்துவின் முன் ஆண்டவர் வாய் திறக்காமல் நின்றது போல என்று பங்குச் சாமியார் பிரசங்கத்தில் சொன்னார். பழைய ஆள் என்று அவரைக் கழிவிரும்புப் பக்கம் மாற்றினார்கள். சென்றாயனை வீட்டுக்கு அனுப்பினார்கள். பிலோமினாவுக்குப் பெருமையாகத்தான் இருந்தது, சென்றாயனின் மனைவி முனிலட்சுமி வரும்வரை.

அவள் உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்றாள்.

"ண்ணா, உங்க சாமி வாயத் தொறக்காத நின்னாருன்னு சொல்றாங்க. சரி. எங்க ஊட்டுக்காரருக்கும் சேத்தா நீங்க வாய மூடணும்?"

சவரியப்பனின் விரல் பாதி வழியில் நின்றது. "திங்கக்கெழம ஆபீஸ்ல சொல்லிடறம்மா" என்றார்.

திங்கட்கிழமை ஆபீஸ் வாசல்வரை போய்த் திரும்பிவிட்டார். ஏன் என்று பிலோமினா கேட்டாள். சென்றாயனுக்காகப் பேசினால் தனக்காகவும் பேசியதாகிவிடும், ஆண்டவருக்கென்று கொடுத்த மௌனத்தைத் திரும்ப வாங்குவது எப்படி என்றார்.

பிடிக்க வந்தவர்களிடம் தன் சீடர்களைப் போகவிடச் சொல்லி ஆண்டவர் வாய் திறந்தாரே என்று கேட்க அவளுக்கு நாக்கு வரை வந்தது. கேட்கவில்லை. அவர்கள் வீட்டில் முதலில் காலேஜுக்குப் போனவள் அவள். நாலு எழுத்து படித்த திமிரில் இப்படித் தோன்றுகிறதோ என்று தன்மேலேயே சந்தேகம். அப்பா பயத்துக்குத்தான் பக்தி என்று பேர் வைத்துக்கொண்டாரோ? அப்படியானால் சூப்பர்வைசருக்கு மஞ்சள்காமாலை கண்டபோது, யாருக்கும் தெரியாமல் அவருக்காக ஏன் ஜெபமாலை சொன்னார்? ஒன்றை நம்பினால் இன்னொன்று உதைத்தது.

தொண்ணூற்று மூன்றில் சவரியப்பன் இறந்தார். இரண்டு கட்டைவிரல்களையும் சேர்த்துக் கட்டி ஜெபமாலை சுற்றியிருந்தார்கள். முனிலட்சுமி மாலையோடு வந்தாள். சென்றாயன் அத்திப்பள்ளியில் மூட்டை தூக்குகிறான். எந்தப் பட்டறைக்குப் போனாலும், அளவு பார்க்காமல் அச்சுத் தட்டியவன் என்ற பேர் அவனுக்கு முன்னால் போய் நிற்கிறது என்றாள்.

கிளம்பும்போது பிலோமினாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்கப்பா நல்லவருதான் பாப்பா. அந்தத் திங்கக்கெழம மட்டும் எங்களுக்கு இன்னும் வரல."