கட்டாத அட்டை

இதை நம்பச் சொல்லி யாரையும் வற்புறுத்த மாட்டேன். ஆனால் கீழே உள்ள நேரங்கள் நினைவிலிருந்து எழுதியவை அல்ல. என் மாமனார் அம்ப்ரோஸுக்கு டயாலிசிஸ் நடக்கிறது. எப்போது கிளம்பினோம், எத்தனை மில்லி தண்ணீர் குடித்தார் என்று ஒரு நோட்டில் எழுதி நர்ஸிடம் காட்ட வேண்டும். அந்த நோட்டைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். சம்பவம் நடந்தது கனடாவில், வடக்கு சஸ்காச்சுவானில், ஜனவரி மாதத்துப் புதன்கிழமை ஒன்றில்.

திங்கட்கிழமை பனிப்புயலில் சாலையை மூடிவிட்டார்கள். அன்றைய டயாலிசிஸ் போயிற்று. புதனும் தவறினால் இதயம் நின்றுவிடலாம் என்று நர்ஸ் போனில் சொல்லியிருந்தாள். ஆஸ்பத்திரி 130 கிலோமீட்டர். ஆறு மணிக்கு மாமாவுக்கு நாற்காலி ஒதுக்கியிருந்தார்கள். மாலை 3:35க்குக் கிளம்பினோம். வெளியே மைனஸ் 44.

என்னுடையது டர்போ டீசல் பிக்கப். வேகம் எடுக்கும்போது மெலிதாக ஒரு விசில் வரும். மாமாவுக்கு அது பிடிக்காது. பழைய பெரிய எஞ்சின் வண்டிகளிலேயே காலம் கழித்தவர்.

"உன் வண்டி ஓடுதா, இல்ல கெட்டில்ல வெந்நி கொதிக்குதா மாப்ளே?" என்றார்.

ஆஸ்பத்திரியில் ஒரு கோப்பை டீ கொடுப்பார்கள், அதுவரை வாயை மூடிக்கொண்டு வாருங்கள் என்றேன். சிரித்தார்.

4:38. விசில் நின்றது.

ஆக்சிலரேட்டரை மிதித்தேன். எண்பதில் போன வண்டி அறுபதுக்கு இறங்கியது. பிறகு நாற்பது. அப்போதுதான் உறைத்தது. டர்போ அனுப்பும் காற்றை ஆற வைக்க முன்னால் ஒரு பெட்டி உண்டு. கடுங்குளிரில் அதற்குள் ஈரம் உறைந்து எஞ்சினின் மூச்சை அடைத்துவிடும். அதனால் குளிர்காலம் முழுக்க முன்பக்கத்தில் அட்டை கட்டியிருப்போம். ஞாயிற்றுக்கிழமை குளிர் மைனஸ் நாலுக்குத் தணிந்ததும் அவிழ்த்து வைத்தேன். திரும்பக் கட்டவில்லை.

மாமாவிடம் சொன்னேன். அவர் கேலி செய்யவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

4:47. வண்டி நின்றது. எஞ்சின் மட்டும் இருமிக்கொண்டிருந்தது. போனில் சிக்னல் இல்லை. எஞ்சின் அணைந்தால் அரை மணி நேரத்தில் உள்ளேயும் வெளியேயும் ஒரே குளிர்தான்.

முன்னால்... ஐம்பது அடியில்... இரண்டு சிவப்பு விளக்குகள்.

ஒரு பிக்கப் நின்றிருந்தது. அதிலிருந்து ஒருவர் இறங்கி வந்தார். எங்கள் ஊர்ப் பக்கம், வழியில் நின்றுபோன வண்டியைக் கடந்து யாரும் போக மாட்டார்கள். அதனால் எனக்கு ஆச்சரியம் இல்லை. நிம்மதிதான்.

கண்ணாடியைக் கையளவு இறக்கினேன்.

"அணைச்சுடாதீங்க," என்றார்.

"இல்லண்ணே. அணைக்கல."

"நான் அணைச்சேன்."

தன் பின்னாலேயே வரச் சொன்னார். திரும்பி நடந்தார்.

"தொப்பி இல்ல பாத்தியா," என்றார் மாமா மெதுவாக.

நான் பார்த்தது வேறு. அவர் கையுறை இல்லாத உள்ளங்கையை என் கதவின் இரும்பில் வைத்திருந்தார். அந்தக் குளிரில் தோல் ஒட்டிக்கொண்டு உரியும். அவர் சாதாரணமாக எடுத்துக்கொண்டு போனார். பேசியபோது வாயிலிருந்து ஆவியும் வரவில்லை.

4:52. சிவப்பு விளக்குகள் நகர்ந்தன. என் வண்டியும் நகர்ந்தது.

இருமல் நின்றிருந்தது. சரியாகிவிட்டது என்று நினைத்தேன்.

முன்னால் போன வண்டியின் பின்னே புகை இல்லை. குளிரில் ஓடும் எந்த வண்டிக்கும் வெள்ளை வால் இருக்கும். இதற்கு... இல்லை.

5:05. ஹீட்டரில் குளிர்ந்த காற்று வருவதாக மாமா சொன்னார். என் மேல்கோட்டைக் கழற்றி அவர்மேல் போட்டேன்.

"விசிலக் காணோமே மாப்ளே."

"பேசாம வாங்க மாமா."

5:14. ஸ்டீயரிங் கல்லாகக் கனத்தது. இரண்டு கையாலும் திருப்பினேன்.

கண்ணாடிக்கு உள்பக்கம் உறைபனி ஏறியது. டயல்கள் வெள்ளையாகிவிட்டன. ஒரு கையளவு இடம் சுரண்டி, அது வழியாகச் சிவப்பு விளக்குகளை மட்டும் பார்த்தேன்.

சத்தமே இல்லை... டயருக்கடியில் பனி நொறுங்கும் சத்தம் மட்டும்... கர்ர்... கர்ர்...

மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

5:31. நகரத்து விளக்குகள்.

முன்னால் சிவப்பு விளக்குகள் இல்லை. அங்கே கிளைச் சாலை கிடையாது.

அந்த நொடி எஞ்சின் உறுமியது. விசில் வந்தது.

5:46க்கு ஆஸ்பத்திரி. மாமாவை நாற்காலியில் உட்கார வைத்து ஊசி ஏற்றினார்கள். பிழைத்தார். இன்றும் இருக்கிறார்.

வெள்ளிக்கிழமை வண்டியை மெக்கானிக் டுவெய்னிடம் விட்டேன். அட்டை கட்டாததைச் சொன்னேன், வழியில் நடந்ததைச் சொல்லவில்லை. அவன் வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவானதைப் படித்தான். இரண்டு முறை படித்தான். பிறகு திரையை என் பக்கம் திருப்பினான்.

4:52 முதல் 5:31 வரை எஞ்சின் சுற்று: பூஜ்யம்.

அதே முப்பத்தொன்பது நிமிடத்தில் சக்கரங்கள் ஓடிய தூரம்: நாற்பத்தோரு கிலோமீட்டர்.

"அணைஞ்ச வண்டிய யாரோ கட்டி இழுத்திருக்காங்க," என்றான் டுவெய்ன். எழுந்து போய் வண்டியின் முன்பக்கம் குனிந்து பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

"முன்னாடி கொக்கியே இல்லையேப்பா. எதுல கட்டுனாங்க?"