வீட்டுக்கு ஒரு விறகு

எங்கள் தேயிலைத் தோட்டத்து மரண உதவிச் சங்கத்தின் கொட்டகைக்குப் பின்னால் ஒரு விறகுக் குவியல் கிடக்கிறது. மழையில் நனைந்து, வெயிலில் வெடித்து, மறுபடியும் நனைந்து, அடிப்பக்கம் கறுத்துக் காளான் பூத்துவிட்டது. அதில் ஒரு கட்டையை எடுத்து யாரும் தேத்தண்ணி காய்ச்சியதில்லை. எவனாவது திருடிக்கொண்டு போயிருந்தால்கூட எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. ஒரு வீட்டிலாவது அடுப்பு எரிந்திருக்குமே.

நான் கலஹாவுக்கும் பேராதனைக்கும் ஆட்டோ ஓட்டுகிறவன். பின்சீட்டில் ஏறுகிறவர்களின் பேச்சைக் கேட்டுக் கேட்டுத்தான் எனக்கு உலகம் தெரியும். அந்த விறகைப் பற்றியும் பின்சீட்டில்தான் நிறையக் கேட்டிருக்கிறேன்.

முன்பு எங்கள் ஆட்களைக் கட்டையில் வைத்து எரிப்பார்கள். மலையில் அடைமழை பெய்யும்போது சாவு விழுந்தால், அழுதுகொண்டிருக்கிற வீட்டுக்காரன் காய்ந்த விறகுக்கு எங்கே போவான்? அதனால் வீட்டுக்கு ஒரு விறகு கொண்டுவந்து போடுவது என்று பேசி வைத்தார்கள். சங்கம் பிறந்ததே அதற்குத்தான். விறகு இல்லாதவன் ஒரு பிடி சுள்ளி கொண்டுவந்தான். அதுவும் இல்லாதவன் வந்து உட்கார்ந்திருந்தான். யாரும் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை.

இப்போது எங்கள் பிரேதங்கள் கண்டி டவுனுக்குப் போகின்றன. அங்கே கேஸில் எரிக்கிறார்கள். நாங்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயத்திலிருந்து பெட்டியைத் தோளில் சுமந்து, உடைந்த படிகளில் இறங்கி, தார் ரோட்டில் நிற்கும் வண்டியில் ஏற்றிவிட்டால் போதும். ஒரு குச்சி விறகு தேவையில்லை. ஆனால் விறகு மட்டும் நிற்கவில்லை. விறகு போட்டால்தான் சாவுக்கு வந்ததாகச் சங்கம் ஒப்புக்கொள்ளும். யாருடைய விறகு என்று தெரிய வேண்டுமாம், அதனால் குடியிருக்கிற காம்பரா நம்பரைப் பள்ளிக்கூடத்துச் சோக்கட்டியால் அதில் எழுத வேண்டும். சங்கத் தலைவர் சாவு வீட்டு வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்து நம்பரைப் பார்ப்பார். சனம் வரும், விறகைப் போடும், தலைவர் பார்த்துவிட்டாரா என்று ஒரு இருமல் இருமும், போய்விடும். பிறகு அந்த விறகு கொட்டகைக்குப் பின்னால் போய்க் குவியும். கொழுந்து பறிக்கிற ஒரு அம்மா ஒரு நாள் என் ஆட்டோவில் வரும்போது சொன்னார்:

"இப்பெல்லாம் செத்தவங்க மொகத்த யாரு தம்பி பாக்குறா? தலைவரு மொகத்தப் பாத்துட்டு வந்துர்றோம்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

மூன்று சாவுக்கு விறகு போடாத வீட்டுக்குச் சங்கம் வராது. இது சட்டம். சங்கம் வராது என்றால் கூடாரம் வராது, கதிரை வராது, பாடை வராது, அதைவிட மேலாகத் தோள் வராது. எங்கள் மலைப் பாதையில் நாலு பேர் தூக்கினால் போதாது. வழுக்குகிற இடத்தில் மாற்றிக்கொடுக்க இன்னும் நாலு பேர் வேண்டும், முன்னால் நின்று தாங்கிப் பிடிக்க ரெண்டு பேர் வேண்டும். ஆள் இல்லாத வீட்டுப் பிணம் லயத்திலேயே கிடக்க வேண்டியதுதான்.

எங்கள் லயத்துக் கடைசிக் காம்பராவில் ஒரு அக்கா இருக்கிறார். பேராதனையில் பெரிய ஆஸ்பத்திரி வார்டில் அட்டெண்டன்ட் வேலை. படுக்கை மாற்றுவார், உடம்பு துடைப்பார், தட்டு எடுப்பார். எங்கள் தோட்டத்திலிருந்து யாரைக் கொண்டுபோய்ச் சேர்த்தாலும், "அக்கா இருக்காங்கல்ல, பயப்படாத" என்றுதான் சொல்லுவோம். சிங்களம் தெரியாத கிழவிகளுக்கு அவர்தான் வாய். போன வருஷம் எங்கள் தோட்டத்து ஆட்களில் செத்த பலர் அந்த ஆஸ்பத்திரியில்தான் செத்தார்கள். அவர்களில் சிலருக்குக் கடைசி வாய்த் தண்ணீர் கொடுத்ததே அக்காதான். கண்ணை மூடிவிட்டு, தாடையைத் துணியால் கட்டி, வீட்டாருக்குச் சேதி சொல்லி, மறுபடி டூட்டிக்குத் திரும்புவார். பிரேதம் தோட்டத்துக்கு வரும். அக்கா வார்டில் இருப்பார். வீட்டில் அவருடைய புருஷன், நெஞ்சு நோய்க்காரர், நாலு அடி நடந்தால் மூச்சு வாங்கும். விறகை யார் போடுவது?

போடவில்லை. மூன்று சாவுக்குப் போடவில்லை.

ஒரு நாள் காலையில் அக்காவின் புருஷன் செத்துப்போனார். கண்டியில் அன்று மாலைக்குத்தான் இடம் கிடைத்தது. தவறினால் மறுநாளும் இடம் இருக்குமா தெரியாது என்றார்கள். பெட்டியை ரோட்டிலிருந்து நானும் அக்காவின் தம்பியும் தட்டுத்தடுமாறி மேலே கொண்டுவந்து சேர்த்தோம். வெறும் பெட்டியையே ரெண்டு இடத்தில் கீழே வைத்து எடுக்க வேண்டியிருந்தது. பிறகு நான் தலைவர் வீட்டுக்கு ஓடினேன்.

தலைவர் தோட்டத்து ஆபீசில் வேலை பார்த்து ஓய்ந்தவர். கெட்டவர் இல்லை. சங்கத்துச் சொத்தில் ஒரு ஆணியைக்கூடத் தன் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனவர் இல்லை. அதில்தான் எனக்கு ஆத்திரம். கள்ளனாக இருந்தால் பிடித்து இழுத்துப் போட்டுவிடலாம்.

"கூடாரம் வேணும், ஆள் வேணும் தலைவரே. அக்கா வீட்டுல சாவு."

"தெரியும். பாவம். ஆனா அந்த வீடு மூணு தடவ வெறகு போடலியே தம்பி."

"அவங்க எங்க இருந்தாங்கன்னு ஒங்களுக்குத் தெரியாதா? ஒங்க அண்ணன் சாவுறப்ப வாயில தண்ணி ஊத்துனது யாரு?"

"அது டூட்டி. இது சங்கம். ரெண்டையும் போட்டுக் கொழப்பாத."

"டூட்டியா? ஒங்க அண்ணன் கையப் புடிச்சிட்டு ஒக்காந்திருந்தாங்களே, அதுவுமா டூட்டி?"

"சத்தம் போடாத. ஒருத்தருக்கு விட்டுக்குடுத்தா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க. சங்கம் நிக்குமா?"

"நின்னு என்னத்துக்கு?" என்று கேட்டேன். அவருக்கு அந்தக் கேள்வி விளங்கவே இல்லை. நான் தமிழில்தான் கேட்டேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "கமிட்டி கூடணும், நாளைக்கிப் பாப்போம்" என்றார். பிணத்தை வைத்துக்கொண்டு நாளைக்காம்!

கதிரைக்குக் கட்டுகஸ்தோட்டையில் தெரிந்த ஒரு முஸ்லிம் நானாவுக்குப் போன் போட்டேன். கலியாணங்களுக்குச் சாமான் வாடகைக்குக் கொடுக்கிறவர். யார், எவர் என்று நான் சொல்லத் தொடங்கியதும் இடைமறித்தார்: "மவுத்தான ஊட்டுக் கதைக்கு எதுக்கு இவ்வளவு நீட்டுறீங்க? லொறி வருது. வழிய மட்டும் சொல்லுங்க." சட்டம், கமிட்டி, சோக்கட்டி ஒன்றும் கேட்கவில்லை.

கதிரை வந்துவிடும். தோளை எங்கே வாடகைக்கு எடுப்பது? லயத்தில் ஒவ்வொரு கதவாகத் தட்டினேன். எல்லாரும் வீட்டில்தான் இருந்தார்கள். பக்கத்துக் காம்பராக்காரன், அக்காவைத் தன் சொந்த அக்கா மாதிரிக் கூப்பிடுகிறவன், கதவைப் பாதி திறந்து நின்றான்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. சங்கம் வராத சாவுக்கு நான் வந்தா என் பேரையும் வெட்டிருவாங்க. எங்கம்மா படுத்த படுக்கையா கெடக்குறாங்க. நாளைக்கி எனக்கு யாரு வருவா?"

"இன்னிக்கி அக்காவுக்கு யாருடா வருவா?"

அவன் கீழே பார்த்தான். கதவைச் சாத்தவும் இல்லை, வெளியே வரவும் இல்லை. சாவில் யாரும் தனியாக நிற்கக்கூடாது என்று உண்டாக்கிய சங்கம், ஒருத்தியைத் தனியாக நிறுத்துவதற்கு இத்தனை பேரை வீட்டுக்குள் பூட்டி வைத்திருந்தது. பூட்டுகூடத் தேவைப்படவில்லை.

மத்தியானம் தாண்டி ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அக்காவோடு வேலை செய்கிறவர்கள், எல்லாரும் சிங்களவர்கள். மூன்று பெண்கள், இரண்டு ஆண்கள். டூட்டி முடிந்த கையோடு பஸ் ஏறி, ரோட்டிலிருந்து மூச்சிரைக்க ஏறி வந்திருந்தார்கள். பெண்கள் நேரே உள்ளே போய் அக்காவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். ஆண்களில் மூத்தவர் எனக்குத் தெரிந்த சிங்களத்திலும் தனக்குத் தெரிந்த தமிழிலுமாகக் கேட்டார்: "அண்ணா, பெட்டி தூக்க ஆள் எங்க?" நான் என்னையும் அக்காவின் தம்பியையும் காட்டினேன். அவர் லயத்தின் மற்றக் கதவுகளைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எந்த மொழியில் வெட்கப்படுவது?

அப்போதுதான் அது நடந்தது. தூறலில் லயத்து ஆட்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். கையில் விறகு. சோக்கட்டி நம்பர் எழுதிய விறகு! சங்கம் வராத சாவுக்கு விறகு செல்லுமா செல்லாதா என்று யாருக்கும் தெரியாது. எதற்கும் இருக்கட்டும் என்று கொண்டுவந்தார்கள். கதிரையில் உட்கார்ந்து பார்க்கத் தலைவரும் இல்லை. இருந்தாலும் வாசலில் போட்டார்கள், நம்பர் மேலே தெரிகிற மாதிரி திருப்பி வைத்தார்கள், ஒதுங்கி நின்றார்கள். நாங்கள் பெட்டியைத் தூக்கி வாசலுக்கு வந்தபோது கால் வைக்க இடமில்லை. வாசல் முழுக்க விறகு.

நான் கெட்ட வார்த்தையில் தொடங்கினேன். அதற்குள் அக்கா உள்ளேயிருந்து வந்துவிட்டார். அவர் சத்தமே போடவில்லை.

"யாருக்கு இந்த வெறகு?"

பதிலுக்கு நிற்காமல் அக்காவே சொன்னார்:

"அவர கேஸ்ல எரிக்கப் போறோம். வெறக எடுத்து ஓரமாப் போடுங்க. போட்டுட்டு, கை சும்மா இருக்கறவங்க வந்து தோள் குடுங்க. முடியாதவங்க வீட்டுக்குப் போங்க. வாசல்ல மட்டும் நிக்காதீங்க. அவரு போகணும்."

பிறகு பக்கத்துக் காம்பராக்காரன் வந்து தன் விறகைக் காலால் எத்தினான். கையில் தூக்கி ஓரமாக வைப்பான் என்று நான் நினைத்தேன், எத்தினான். வந்து பெட்டிக்குக் கீழே தோளைக் கொடுத்தான். அவனுக்குப் பின்னால் இன்னும் சிலர் வந்தார்கள். எல்லாரும் வரவில்லை. பாதிக்கு மேல் தங்கள் விறகைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போனார்கள், அடுத்த சாவுக்கு ஆகும் என்று. ஆனாலும் வந்தவர்கள் போதுமாக இருந்தார்கள். வழுக்குகிற வளைவில் அந்தச் சிங்கள அண்ணன் முன்னால் நின்று, "ஹெமின், ஹெமின்" என்று மெதுவாக இறங்கச் சொல்லிக்கொண்டே பின்பக்கமாக நடந்தார். இருட்டுவதற்குள் கண்டிக்குப் போய்ச் சேர்ந்தோம்.

அடுத்த கிழமை தோள் கொடுத்த எல்லாருடைய பேரையும் சங்கம் வெட்டிவிட்டது. சங்கத்தின் அனுமதி இல்லாமல் சாவு எடுத்தோமாம். இந்த வார்த்தையை ஒரு மனுஷன் வாயால் சொன்னான், நான் காதால் கேட்டேன்.

பேர் வெட்டுப்பட்டவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் கூடினோம். நாங்களே பார்த்துக்கொள்வோம் என்று பேச்சு. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போது பக்கத்துக் காம்பராக்காரன், முதலில் தோள் கொடுத்த அதே ஆள், கையைத் தூக்கினான்.

"எல்லாம் சரி. வராதவங்கள என்ன செய்றது? அதுக்கு ஒரு ரூல் வேணும்ல?"

நாலைந்து பேர் தலையாட்டினார்கள். "ஏன்டா, ஒனக்குச் சோக்கட்டி வாங்கித் தரவா?" என்று கத்தினேன். அவனும் எழுந்தான். "கத்துனா ஆச்சா? ரூல் இல்லாட்டி எவன் வருவான்?"

அக்கா எங்கள் ரெண்டு பேரையும் பார்த்தார். "வரலன்னா, ஏன் வரலன்னு போயி கேளுங்க. நான் வராத நாள்ல ஒருத்தரும் எங்கிட்ட கேக்கல" என்றார். தேத்தண்ணி போட எழுந்து போய்விட்டார்.

அவன் சமாதானமாகவில்லை. கேட்டால் ஆயிரம் காரணம் சொல்லுவார்கள் என்றான். சொல்லட்டும், கேட்கத்தானே போகிறோம் என்றேன். அடுத்த முறையும் இதைக் கேட்பேன் என்று சொல்லிவிட்டுப் போனான். கேட்கட்டும். நானும் கத்துவேன்.