பாலத்தைத் தட்டிப் பார்த்தவர்

பெங்களூரிலிருந்து ஆனேக்கல் போகும் வழியில், ஓடையின் குறுக்கே ஒரு பழைய கல் பாலம் இருக்கிறது. கல்யாணமான புதிதில் என் கணவர் என்னை முதன்முதலாக வெளியே கூட்டிப்போன இடம் அதுதான். லால்பாக் பூங்காவுக்குப் போகிறோம் என்று நினைத்துப் பட்டுப்புடவை கட்டியிருந்தேன்.

பாலங்களைச் சோதிப்பது அவருடைய சர்க்கார் வேலை. பாலத்து வளைவுக்கு முதலில் மரச்சாரம் கட்டுவார்களாம். இரண்டு பக்கமிருந்தும் கருங்கல்லை அடுக்கிவந்து, உச்சியில் கடைசிக் கல்லை இறுக்கியதும் சாரத்தைப் பிரித்துவிடுவார்களாம். அப்புறம் கல்லைக் கல்லே தாங்கும். மாட்டுவண்டிக் காலத்துப் பாலம் என்பதால், நடப்பவர்கள் ஒதுங்கி நிற்கக் கைப்பிடிச் சுவரில் அங்கங்கே மாடம்போல இடம் விட்டிருந்தார்கள். அதில் ஒன்றில் என்னை நிறுத்திவிட்டு, சின்னச் சுத்தியலால் ஒவ்வொரு கல்லாகத் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். நன்றாக உட்கார்ந்த கல் கணீரென்றது. பின்னால் சுண்ணாம்பு கரைந்துபோன கல் மந்தமாகச் சத்தமிட்டது.

“இது உள்ள காலி” என்றார்.

வீட்டிலும் அதே கதைதான். தர்பூசணி, தேங்காய், தரை டைல்ஸ், ஒன்றையும் விடமாட்டார். நான் வாதாடினால் விரல் முட்டியால் என் தலையைத் தட்டி, “இதுவும் காலி” என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன வருஷம் பக்கவாதத்தில் அவருடைய வலது கை விழுந்துவிட்டது, பேச்சும் குழறிப்போனது. பேசப் பேசப் பேச்சு திரும்பும் என்றார் டாக்டர். இவரோ “ம்”, “வேணாம்” தவிர வாயே திறக்கவில்லை. எதையும் தட்டவும் இல்லை. வீட்டின் அந்த அமைதி எனக்குப் பயமாக இருந்தது.

ஒரு ஞாயிறு காலை, பிடிவாதமாக ஆட்டோவில் ஏற்றி அந்தப் பாலத்துக்கே கூட்டிப்போனேன். பக்கத்தில் புதுப்பாலம் வந்துவிட்டதால் பஸ்ஸெல்லாம் அதில் போகிறது. எதிரே ஒரு பைக் வரவும், இருவரும் பழைய மாடத்தில் ஒதுங்கினோம். வீட்டுச் சாவியால் ஒரு கல்லைத் தட்டி, பெரிய இன்ஜினியர் மாதிரி சொன்னேன்.

“ஏங்க, இது கெட்டியா இருக்கு.”

முகம் சுளித்தார். இடது கையால் சாவியைப் பிடுங்கினார். அதே கல்லைத் தட்டினார், அடுத்ததைத் தட்டினார், மறுபடி முதல் கல்லுக்கு வந்தார்.

“எங்க... கெட்டி?” வார்த்தை குழறியது. “காது... இல்லயா ஒனக்கு? உள்ள... காலி.”

எத்தனை மாதமாக ஏங்கிய குரல்! அழுதுவிடக் கூடாது என்று வேண்டுமென்றே வம்புக்கு இழுத்தேன். “சும்மா இருங்க, எனக்குத் தெரியாதா? கெட்டிதான்.”

சாவியை என் கையில் திணித்தார். இடது கை மேலே வந்து, என் தலையில் மெல்லத் தட்டியது.

“இதுவும்” என்றார்.